மீன்குஞ்சுக்கு முதல்ல எந்த எலும்பு வருது?

முட்டையிலேர்ந்து பொரிஞ்சு வெளில வர்ற சின்ன மீன்குஞ்சுகிட்ட எலும்புன்னு சொல்லிக்கிற மாதிரி பெருசா எதுவும் இருக்காது. ஆராய்ச்சிக்கூடங்கள்ல அதிகமா வளக்கிற ஜீப்ரா மீனையே எடுத்துக்குங்க, முட்டை போட்ட ரெண்டு மூணு நாள்ல பொரிஞ்சிடும், நீளம் 3 மில்லிமீட்டர் சொச்சம்தான், உடம்பு மடங்காம நிக்கிறதுக்கு உள்ள முதுகுநாண் மட்டும் இருக்கும். தண்ணி ஏத்துன பெரிய பெரிய செல்லுங்க நெருக்கமா அடைஞ்சு, அதைச் சுத்தி ஒரு கெட்டியான உறை, அவ்ளோதான் முதுகுநாண். வாலை வெட்டி வெட்டி நீந்த அது போதும். ஆனா வயித்துக்குக் கீழ தொங்குற மஞ்சக்கரு சில நாள்ல தீந்துடும், அதுக்குள்ள வாய் தெறக்கணும், இரைய உறிஞ்சி உள்ள இழுக்கணும், செவுள் வழியா தண்ணி ஓடணும், இல்லன்னா உயிர் நிக்காது. அதனால எலும்பு எந்த வரிசைல வருதுன்னு பாத்தாலே அந்தக் குஞ்சுக்கு எது அவசரம்னு தெரிஞ்சிடும். எனக்கு இந்த விஷயத்து மேல இவ்ளோ பைத்தியம் வந்ததுக்கு காரணமே அந்த வரிசைதான்.

இதெல்லாம் எப்படிக் கண்ல தெரியுதுன்னு கேப்பீங்க. குருத்தெலும்புக்கு ஒரு சாயம், எலும்புக்கு இன்னொரு சாயம். அல்சியன் ப்ளூ குருத்தெலும்பைப் பிடிச்சு நீலமாக்கும், அலிசரின் ரெட் கால்சியத்தைப் பிடிச்சுக்கும், அதனால எலும்பு சிவப்பாகும். அப்புறம் டிரிப்சின் போட்டு தசைல இருக்கிற புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல வச்சு, கடைசில கிளிசரின்ல போட்டா உடம்பு முழுக்க கண்ணாடியா ஆயிடும், உள்ள நீலமும் சிவப்பும் மட்டும் அப்படியே நிக்கும். அலிசரின் மஞ்சிட்டி இனத்துச் செடியோட வேர்லேர்ந்து வந்த சாயம். துணிக்கு சாயம் போடுறவர் வீட்டு விருந்துல பன்னி எலும்பு சிவப்பா இருக்கிறதப் பாத்துட்டு, அந்தப் பன்னி தின்ன தவிட்டுல சாயவேர் கலந்திருந்துச்சுன்னு கண்டுபிடிச்சு 1736-ல எழுதினவர் ஜான் பெல்ச்சியர்னு ஒரு லண்டன் டாக்டர். இன்னைக்கு வரைக்கும் அதே சாயத்தை வச்சுதான் நாம மீன்குஞ்சோட எலும்பைப் பாக்குறோம்!

ஒரு சின்ன விஷயம், இதைப் பண்ணிப் பாக்கப் போறவங்களுக்கு. பழைய முறைல அல்சியன் ப்ளூவை அசிட்டிக் அமிலத்துல கரைப்பாங்க. பெரிய மீனுக்கு அது பரவால்ல, ஆனா மூணு நாலு நாள் குஞ்சுல இருக்கிறதே துளியூண்டு கால்சியம், அமிலம் அதையும் கரைச்சு எடுத்துட்டுப் போயிடும், எலும்பு அங்க இருந்தும் சிவப்பு ஏறாது. அதனால 2007-ல அமிலத்துக்குப் பதிலா மெக்னீசியம் குளோரைடு போடுற முறை ஒண்ணு வந்துச்சு, சின்னக் குஞ்சுக்கு அதுதான் சரி.

சரி, ஜீப்ரா மீனுக்கே வருவோம். மூணாவது நாள் வாக்குல சாயம் போட்டுப் பாத்தா தலைக்கு அடில முழுக்க நீலம். கீழ்த்தாடை, அதுக்குப் பின்னாடி நாக்கைத் தாங்குற வளைவு, அதுக்கும் பின்னாடி செவுளைத் தாங்குற வளைவுங்க. ஒவ்வொரு வளைவையும் நல்லா பெருசு பண்ணிப் பாத்தா செல்லுங்க ஒத்தை வரிசைல காசு அடுக்கி வச்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா நிக்கும். அந்தக் காட்சிய ஒரு தடவை பாத்துட்டா மறக்கவே மறக்காது. அந்த நீலத்துக்கு நடுவுல அங்கங்க மெல்லிசா சிவப்புக் கீறல். முதல்ல வர்றதுல ஒண்ணு செவுள் வாசலுக்குப் பின்னாடி நிக்கிற தோள் எலும்பு, கிளைத்ரம்னு சொல்லுவாங்க. தோள் எலும்புக்கு இந்த வயசுல என்ன அவசரம்னு தோணும், ஆனா வாயைத் தெறக்க அடிநாக்குப் பகுதியைப் பின்னாடி இழுக்கிற தசை பிடிச்சு நிக்கிற இடம் அதுதான், அது ஆடாம நின்னாதான் வாய் தெறக்கும். இன்னொண்ணு செவுள் மூடி எலும்பு. ஆரம்பத்துல மூட்டு பக்கத்துல ஒரு குச்சி அளவுதான் இருக்கும், நாள் ஆக ஆக கீழ்ப்பக்கமா விரிஞ்சு விசிறியாகும். அதை அசைச்சு அசைச்சுதான் தண்ணியை செவுள் வழியா ஓட விடுது. மூணாவது, தொண்டைக்குள்ள கடைசி செவுள் வளைவு. ஜீப்ரா மீனும் கெண்டை வகையறாதானே, அந்தக் குடும்பத்துக்குத் தாடைல பல்லே கிடையாது, பல்லெல்லாம் தொண்டைல அந்த வளைவு மேலதான், அதனால அதுவும் சீக்கிரமே வந்துடுது. மூச்சுக்கு ஒண்ணு, வாயைத் தெறக்க ஒண்ணு, அரைக்க ஒண்ணு! மூளைக்கு மேல மூட வேண்டிய மண்டை ஓடு இதெல்லாம் நடந்து வாரக்கணக்குல கழிச்சுதான் வந்து சேருது, அதுவரைக்கும் மூளை வெறும் தோலுக்கும் சவ்வுக்கும் கீழதான் இருக்கு.

இங்க கவனிக்க வேண்டியது, கிளைத்ரமும் செவுள் மூடியும் குருத்தெலும்பா இருந்து எலும்பா மாறினது இல்ல. தோலுக்கு அடில நேரா எலும்பாவே உருவாகுது. நம்ம மண்டை ஓட்டுக் கூரையும் அப்படித்தான் வருது, ஆனா நம்ம கை கால் எலும்பெல்லாம் முதல்ல குருத்தெலும்பா வந்து அப்புறம் எலும்பாகிற கூட்டம். ஒரே மீன் தலைல ரெண்டு வழியும் பக்கத்துல பக்கத்துல நடக்கும். மனுஷனுக்கு வளந்த மண்டைல 22 எலும்பு, மீன் தலைல அதைவிட எவ்ளோவோ அதிகம், ஒவ்வொண்ணும் எப்ப வருது, எந்த வழில வருதுன்னு தொடர்ந்து பாத்து எழுதி வச்சவங்க பொறுமையை நெனச்சா எனக்கு நிஜமாவே மரியாதை வருது.

முதுகெலும்பு கதை வேற. நமக்கு முள்ளெலும்பு குருத்தெலும்பா ஆரம்பிக்கும். ஜீப்ரா மீனுக்கு முதுகுநாணோட உறையே வளையம் வளையமா சுண்ணாம்பு ஏறி கெட்டிப்படுது, குருத்தெலும்பே நடுவுல வராது. பெரும்பாலும் முன்பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு வால் பக்கமா ஒவ்வொரு சிவப்பு வளையமா தோணிக்கிட்டே போகும். வாலுக்கு வந்தா இன்னும் ஒரு வேடிக்கை, முதுகுநாணோட நுனி நேரா இருந்தது ஒரு கட்டத்துல மேல்பக்கமா வளையும், அதுக்கு அடில தட்டையான குருத்தெலும்புங்க விசிறியா வந்து வால் துடுப்போட கதிருங்களைத் தாங்கும். வெளிய பாக்க வால் மேலயும் கீழயும் ஒரே அளவா அழகா இருக்கும், சாயம் போட்டு உள்ள பாத்தா முதுகுத்தண்டு மேல திரும்பி முடிஞ்சிருக்கும், வால் முழுக்க கிட்டத்தட்ட கீழ்ப்பாதிலேர்ந்து வந்ததுதான். மீன்குஞ்சு பத்திப் படிக்கிறவங்க குஞ்சோட வயசைக்கூட இந்த வளைவை வச்சுதான் பிரிப்பாங்க: வளையறதுக்கு முன்னாடி, வளையும்போது, வளைஞ்ச அப்புறம். நாள் கணக்கு சொன்னா தண்ணியோட சூட்டுக்கும் தீனிக்கும் ஏத்த மாதிரி மாறிப்போகும், அதனால உடம்புல என்ன நடந்திருக்குன்னு பாக்கிறதுதான் நம்பகமான கணக்கு.

குஞ்சு பொரிப்பகம் வச்சிருக்கிறவங்களுக்கு இது ஏதோ பாடப்புத்தக விஷயம் இல்ல, பொழப்பு. சில கடல் மீன் குஞ்சுங்க ஒரு குறிப்பிட்ட வயசுல தண்ணி மேல வந்து ஒரு வாய் காத்து குடிச்சு காத்துப்பைய ஊதிக்கணும். தண்ணி மேல எண்ணெய்ப் படலம் இருந்தா அது முடியாது, பை ஊதாது. பை ஊதாத குஞ்சு மூழ்காம இருக்க தலையத் தூக்கிக்கிட்டு சாய்ஞ்சே நீந்தும், நாள் முழுக்க அந்த இழுப்பு இன்னும் இளசா இருக்கிற முதுகெலும்பு மேல விழுந்து முதுகு உள்பக்கமா வளைஞ்சு போயிடும். அதனாலதான் தொட்டி மேல படலத்தை வழிச்சு எடுக்கிற ஏற்பாடு வைக்கிறாங்க. தீனில வைட்டமின் சி பத்தலன்னாலும் முதுகு கோணும், ஏன்னா எலும்புக்கு நாரா நிக்கிற கொலாஜன் சரியா முறுக்கிக்க அந்த வைட்டமின் வேணும். பாஸ்பரஸ் பத்தலன்னாலும் இதே தொல்லை. குட்டியா இருக்கும்போது நடக்கிற இந்தக் கோணல் பெருசானா நிமிராது, அதனால சந்தைக்குப் போற மீனோட தலையெழுத்து இந்த முதல் சில வாரத்துலயே எழுதியாச்சு.

இப்ப தலைப்பிரட்டைக்கு வாங்க. இங்க வரிசை அப்படியே தலைகீழ்!

பெரும்பாலான தவளைங்களோட தலைப்பிரட்டைல முதல்ல வர்ற மண்டை எலும்புங்க மூளையைச் சுத்தித்தான். மூளைக்கு அடில தரை மாதிரி ஒண்ணு, மேல கூரைல ஒரு ஜோடி, பின்னாடி கழுத்துல சேர்ற இடத்துல ஒரு ஜோடி. தாடை எலும்புங்க கடைசி கட்டத்துலதான் வருது. இதுல என்னன்னா, தலைப்பிரட்டை சாப்பிடாம இருக்கா? நாள் பூரா பாசியைச் சுரண்டித் தின்னுக்கிட்டே இருக்கு, வாரக்கணக்குல, சில இனத்துல மாசக்கணக்குல. அப்படி இருந்தும் அந்தத் தாடை முழுக்க குருத்தெலும்பாவே நிக்குது. காரணம் என்னோட புரிதல்ல இதுதான்: அந்தத் தாடை நிக்கப் போறது இல்ல. கொஞ்ச நாள்ல அதை அழிச்சு வேற தாடை கட்டணும், எலும்பாக்கிட்டா அழிக்கிறது கஷ்டம். குருத்தெலும்பா இருக்கிற வரைக்கும் கரைக்கலாம், நீட்டலாம், திருப்பலாம்.

அந்தத் திருப்பம்தான் இந்த மொத்தக் கதைலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். தலைப்பிரட்டையைப் பக்கவாட்டுல வச்சுப் பாருங்க. வாய் ரொம்பச் சின்னது, மூக்கு நுனிக்குக் கீழ. அதைச் சுத்தி கறுப்பா ஒரு அலகும், வரிசை வரிசையா சின்னப் பல்லுங்களும் இருக்கும், ஆனா அதெல்லாம் நம்ம நகம் மாதிரி கெராட்டின், நிஜப் பல் இல்ல. கீழ்த்தாடைக் குருத்தெலும்பு குட்டையா முன்னாடி மட்டும் இருக்கும், அது மூட்டு போட்டிருக்கிற இடமும் முன்னாடியே, கண்ணுக்கு முன்னால. அந்த மூட்டைத் தாங்குறதுக்கு நீளமா ஒரு குருத்தெலும்பு கண்ணுக்கு அடில கிட்டத்தட்ட படுத்த வாக்குல பின்னாடி வரைக்கும் ஓடும். உருமாற்றம் வந்ததும் படுத்திருக்கிற அந்தத் துண்டு குறுகி எழுந்து நிக்க ஆரம்பிக்குது, மூட்டு பின்னாடி போகுது, கீழ்த்தாடை அதுக்கு ஈடா நீண்டுக்கிட்டே போகுது, வாயோட ஓரம் மூக்குக்குக் கீழ இருந்தது கண்ணைத் தாண்டி பின்னாடி வரைக்கும் கிழிஞ்சு வருது. மேல் உதட்டுக்குன்னே தலைப்பிரட்டைக்குத் தனியா ஒரு குருத்தெலும்பு இருக்கும், வளந்த தவளைல அது இருக்கவே இருக்காது, முழுசா கரைஞ்சு போகும். கறுப்பு அலகு உதிரும். அப்புறம்தான் புதுத் தாடை எலும்புங்க வந்து உக்காருது. இது நடக்கிற சில நாள் அது எதுவும் சாப்பிட முடியாது, வாலைக் கரைச்சு அந்தச் சத்துலதான் ஓட்டுது. பாசி சுரண்டின வாய் பூச்சி பிடிக்கிற வாயா மாறுது. குளத்துல, தொட்டில எங்கயாவது தலைப்பிரட்டையைப் பாக்க முடிஞ்சா எல்லாரும் காலையே பாப்பாங்க, நீங்க வாயோட ஓரம் எங்க நிக்குதுன்னு பாருங்க.

கால் பத்தியும் சொல்லணும்ல. பின்னங்கால் வெளில மொட்டா தெரியும், முன்னங்கால் செவுளை மூடியிருக்கிற தோலுக்குள்ளயே ஒளிஞ்சு வளந்து, கடைசில முழங்கை முன்னாடி வர முட்டிக்கிட்டு வெளில வரும். கால்ல முழங்காலுக்குக் கீழ முதல்ல ரெண்டு தனித்தனிக் குருத்தெலும்பு இருக்கும், அப்புறம் ஒண்ணா ஒட்டி ஒரே எலும்பாகும். வளந்த தவளையோட அந்த எலும்பை எடுத்துப் பாத்தா ரெண்டு முனைலயும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கும், ரெண்டா இருந்ததோட அடையாளம் அது. கணுக்கால்ல ரெண்டு எலும்பு நல்லா நீண்டு, கால்ல கூடுதலா ஒரு மடிப்பு கிடைச்சிடுது, தாவுறதுக்கு அதுதான் பலம். வால்ல முள்ளெலும்பே உருவாகாது, உள்ள இருக்கிறது வெறும் முதுகுநாண். வால் கரையும்போது அந்த முதுகுநாணும் போயிடும், ஆனா இடுப்புக்குப் பின்னாடி மிச்சம் இருக்கிற சில துண்டுங்க ஒண்ணா சேர்ந்து நீளமா ஒரு கம்பி எலும்பாகி இடுப்புக்கு நடுவுல உக்காந்துக்கும், யூரோஸ்டைல்னு பேரு.

இவ்ளோ எலும்பை அவசரமா கட்ட கால்சியம் எங்கேர்ந்து வருது, அதுவும் சாப்பாடே இல்லாத நேரத்துல? இதுக்கு பதில் காதுல இருக்கு. உள்காதுலேர்ந்து கிளம்புற ஒரு பை தலைப்பிரட்டைக்கு முதுகுத்தண்டு வழியா பின்னாடி வரைக்கும் நீண்டு போகும், அதுக்குள்ள வெள்ளையா சுண்ணாம்பு சேத்து வச்சிருக்கும். உருமாற்றம் உச்சத்துக்கு வரும்போது அந்தச் சேமிப்பு குறையும், எலும்புல கால்சியம் ஏறும்.

எல்லாத்தையும் கிளப்பி விடுறது தைராய்டு. 1912-ல குடர்நாட்ச்னு ஒருத்தர் தலைப்பிரட்டைங்களுக்கு வேற வேற உறுப்புகளைத் தின்னக் குடுத்துப் பாத்தார், குதிரையோட தைராய்டைத் தின்ன கூட்டம் மட்டும் ரொம்ப குட்டியா இருக்கும்போதே அவசர அவசரமா தவளையா மாற ஆரம்பிச்சிடுச்சு. அப்புறம் 1916 வாக்குல ஆலன்னு இன்னொருத்தர் தலைப்பிரட்டையோட தைராய்டையே எடுத்துட்டுப் பாத்தார், அது மாறவே இல்ல, தலைப்பிரட்டையாவே வளந்துக்கிட்டு இருந்துச்சு. இதுல நுணுக்கம் என்னன்னா பின்னங்கால், தைராய்டு ஹார்மோன் கொஞ்சமா இருக்கும்போதே கேட்டுக்கும், வாலுக்கு நிறைய ஏறினாதான் கேக்கும். அதனாலதான் கால் முதல்ல, வால் கடைசில. இது மாறி நடந்தா கால் வர்றதுக்கு முன்னாடி வால் போயிடும், நீந்தவும் முடியாது தாவவும் முடியாது.

கால் மொட்டு எவ்ளோ மென்மையான விஷயம்ங்கிறதுக்கு ரெண்டு சம்பவம். 1995-ல அமெரிக்காவுல மின்னசோட்டால பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஒரு குளத்துல கால் குறைஞ்சதும் கோணினதுமா நிறைய தவளைங்களைப் பாத்துட்டு வந்து சொன்னாங்க, பெரிய பரபரப்பாச்சு. இந்த மாதிரி கோளாறுக்கு எல்லா இடத்துலயும் ஒரே காரணம் கிடையாது, ஆனா அமெரிக்காவுல கூடுதல் கால் முளைக்கிற பல இடங்கள்ல ரிபெய்ரோயான்னு ஒரு ஒட்டுண்ணிப் புழு கால் மொட்டுக்குப் பக்கத்துல புகுந்து கூடு கட்டி செல்லுங்களோட ஒழுங்கைக் கலைக்குதுன்னு பரிசோதனைல நிரூபிச்சாங்க. இன்னொண்ணு 1992-ல, புவனேஸ்வர்ல உத்கல் பல்கலைக்கழகத்துல பிரியம்பதா மொகந்தி ஹெஜ்மாடியும் கூட இருந்தவங்களும் பண்ணது. தலைப்பிரட்டையோட வாலை வெட்டி வைட்டமின் ஏ குடுத்தா, வால் திரும்ப முளைக்க வேண்டிய இடத்துல கால் முளைச்சுது! ஒண்ணு ரெண்டு இல்ல, சிலதுல கொத்தா. அந்த அம்மா பேரெடுத்த ஒடிசி நடனக் கலைஞரும்கூட. உடம்புல எந்த இடம் இதுன்னு செல்லுக்குச் சொல்ற தகவலையே அந்த வைட்டமின் மாத்திடுதுங்கிறது உலகத்துக்கே அப்பதான் இவ்ளோ பளிச்சுன்னு தெரிஞ்சுது.

மீன் துடுப்புக்கும் தவளை காலுக்கும் நடுவுல இருக்கிற தூரமும் இப்ப குறைஞ்சுக்கிட்டே வருது. ஜீப்ரா மீன் குஞ்சோட முன்துடுப்புல ஆரம்பத்துல குருத்தெலும்பு ஒரே தட்டா இருக்கும், அது பிரிஞ்சு நாலு சின்ன எலும்பாகும், அதோட நிறுத்திக்கும், மீதி துடுப்பு கிட்டத்தட்ட முழுக்க தோல்லேர்ந்து வர்ற கதிருங்கதான். நமக்கும் தவளைக்கும் விரலை உண்டாக்குற ஹாக்ஸ் 13ங்கிற ஜீன்களை 2016-ல மீன்ல வேலை செய்யாம நீக்கிப் பாத்தாங்க, கதிருங்க குறைஞ்சு உள்ள சின்ன எலும்புங்க கூடுச்சு. 2021-ல இன்னும் ஒரு படி மேல: ஒரே ஒரு ஜீன் மாறினதுல அந்த நாலு எலும்புக்கு வெளிப்பக்கம் புதுசா நீள எலும்புங்க வந்துச்சு, மத்த எலும்போட மூட்டு போட்டுக்கிச்சு, தசையும் போய்ப் பிடிச்சுக்கிச்சு. சாதாரண மீன்ல அந்த எலும்பு கிடையவே கிடையாது, நம்ம முழங்கைக்குக் கீழ இருக்கிற எலும்புங்களை உண்டாக்குற அதே ஜீன் கூட்டம்தான் அங்கயும் வேலை செஞ்சிருக்கு. அப்ப கை எலும்பைக் கட்டுற சூத்திரம் மீன் குஞ்சுக்குள்ள இத்தனை கோடி வருஷமா அடங்கிக் கிடக்குன்னுதானே அர்த்தம்.